திறப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு

பயணம் வெளிக்கிடும் நாளில் எங்கள் வீட்டில் கடைசியாக நடக்கிற வேலை, வாசல் கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வளவு அக்காவிடம் கொடுப்பது. பஸ்ஸுக்கு நேரம் போனாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு இப்போது ஒருநாளும் போவதில்லை.

ஒரே ஒரு தரம், 2008 ஐப்பசியில், போருக்குப் பயந்து வன்னியில் கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது மட்டும் திறப்பைக் கையோடு கொண்டு போனேன். தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன் என்று போகப்போகப் பொருட்கள் குறைந்துகொண்டே வந்தன. முதலில் அலுமாரியும் கதிரைகளும். பிறகு தையல் மெசின், பிறகு சைக்கிள், பிறகு பாத்திரங்கள். செட்டிக்குளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் போய் இருந்தபோது எங்களிடம் உடுத்த உடுப்பும் அந்தத் திறப்பும்தான் மிச்சம். 2010இல் திரும்பி வந்து பார்த்தோம். கதவு இல்லை. கதவு நின்ற சுவரும் இல்லை.

அதற்குப் பிறகு வெகு காலம், பயணம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். பையை எடுத்தால் கை நடுங்கும். 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது. இவர், என் கணவர், என்னை ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா நின்று பார்க்கவைத்தார். சனம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தோம். போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அடுத்த சித்திரையில் நாங்களும் நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டோம். அன்று முதல் திருகோணமலை, கதிர்காமம், மன்னார், தமிழ்நாடு இரண்டு தரம், சிங்கப்பூர் ஒரு தரம் என்று போய் வந்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிற இளம் ஆசிரியைகள், "ரீச்சர், நீங்களும் அண்ணையும் எப்படிப் போறனீங்கள், என்னென்ன கொண்டு போறனீங்கள்?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பயணம் என்றால் திரும்பி வருவோம் என்று தெரிந்துகொண்டு போவது. கீழே சொல்கிற எல்லாமே அந்த நிம்மதிக்காக நாங்கள் பழகிக்கொண்டவை.

முதலில் வீடு. அக்காவிடம் திறப்போடு ஒரு தாளும் கொடுப்போம். எந்தத் திகதி வருவோம், எங்கே தங்குவோம், அந்த இடத்துத் தொலைபேசி இலக்கம், கோழிக்குத் தீன் எந்த வாளியில் இருக்கிறது, கிணற்று மோட்டார் சுவிட்ச் எது. எரிவாயுச் சிலிண்டரின் வாய் பூட்டியிருக்கிறதா என்று இவர் ஒரு தரமும் நான் ஒரு தரமும் பார்ப்போம். இப்படி இரண்டு பேரும் பார்த்துவிட்டால், பாதி வழியில் "பூட்டினனானோ?" என்ற யோசனை வராது. அந்த யோசனை வந்தால் அன்றைய நாள் போச்சு.

அடுத்தது பத்திரங்கள். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் வைத்திருந்தோம். என்னுடைய பை நந்திக்கடல் தண்ணீரில் நனைந்து போனது. பிறப்புச் சான்றிதழிலும் ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழிலும் மை கரைந்து, வெறும் நீலத் தாளாகிப் போயின. அதையெல்லாம் மறுபடி எடுக்க எத்தனை அலுவலகப் படி ஏறினேன் என்பதைத் தனியாக எழுதலாம். அதனால் இன்று, இருவருடைய கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு எல்லாவற்றிலும் தாள் பிரதி எடுப்போம். என் பிரதி இவரிடம், இவருடையது என்னிடம். ஒரு பை தொலைந்தாலும் மற்றப் பையில் ஆள் யார் என்று சொல்ல ஏதாவது இருக்கும். போனிலும் மின்னஞ்சலிலும் படம் உண்டு, ஆனால் பற்றரி இறங்கிய போனை எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது.

கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும் என்று இன்னும் நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தைக் கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு சீட்டுத் தருவார்கள், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். கடவுச்சீட்டு முடிய ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் பல நாடுகளுக்கு ஏற விடமாட்டார்கள்.

பெயர் விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ முன்னே நிற்கும். அதையே ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். ஒரு எச் கூடியிருக்கும், ஒரு ஏ குறைந்திருக்கும். விமானச் சீட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். என் மச்சாள் ஒருத்தி ஒரே ஒரு எழுத்துக்காக விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் நின்று, காசும் கட்டித்தான் ஏறினாள். சீட்டுப் போடுகிறவர் உங்கள் பெயரை வாயால் கேட்டு எழுத விடாதீர்கள். கடவுச்சீட்டைத் திறந்து முன்னால் வையுங்கள்.

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வெளிநாடு போக விடுமுறை அனுமதி தனியாக எடுக்க வேண்டும். அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்று கடிதம் படிப்படியாக நகரும். சீட்டைப் போட்டுவிட்டு அனுமதிக்கு அலைவதை விட, அனுமதிக்குக் கொடுத்துவிட்டுச் சீட்டுப் பார்ப்பது நல்லது.

எப்போது போவது என்பதை எங்கள் வீட்டில், வயலுக்குத் தண்ணீர் தருகிற இரணைமடுக் குளமும் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவர் கமக்காரர். மழைக்கால நெல்லான காலபோகத்தின் வெட்டு மாசி, பங்குனியில் முடியும். அடுத்து வருகிற சிறுபோகத்துக்கு எவ்வளவு காணிக்குத் தண்ணீர் என்பது கூட்டம் வைத்துப் பங்கு பிரித்தபின்தான் தெரியும். எனக்குச் சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகள். எங்கள் வயலுக்குச் சிறுபோகப் பங்கு கிடைக்காத 2024ஆம் வருடம்தான் ஆவணி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போனோம். சித்திரையில் போவதென்றால் வருடப்பிறப்புக்கு முன்னம் வேண்டாம். நாடே ஊருக்குப் போகிற நேரம் அது, பஸ்ஸில் கால் வைக்க இடம் இராது. வருடப்பிறப்பு முடிந்து ஐந்தாறு நாள் கழித்து வெளிக்கிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் நாங்கள் எங்கும் போவதில்லை. இங்கே வெள்ளம், மலைநாட்டில் மண்சரிவு, கடலும் கொந்தளிப்பு.

இப்போது பை. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

2014இல் நுவரெலியாவுக்கு நாலு நாள் போக நான் இரண்டு பெரிய சூட்கேஸ் கட்டினேன். போர்வை, தலையணை, சட்டி ஒன்று, அரிசிமா, மிளகாய்த்தூள், வீட்டிலிருந்த நல்ல சேலைகள் எல்லாம். கண்டி வரைக்கும் பஸ், அங்கிருந்து நானுஓயாவுக்கு ரயில். இருக்கை முன்பதிவு செய்யலாம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில் சூட்கேஸ்களின் மேல் இருந்துகொண்டு போனோம். நானுஓயாவில் இறங்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டு இவர் கேட்டார், "இஞ்சரும், இதுக்குள்ள என்னத்த வைச்சிருக்கிறீர்?" நான் சொன்னேன், "விட்டிட்டு வந்தா, திரும்பிப் போகேக்க இருக்குமெண்டு என்ன நிச்சயம்?"

இவர் ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அன்று இரவு, குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தபோது, "வீடு இருக்குமப்பா. அக்கா பாக்கிறா தானே," என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் திரும்பி வந்தோம். அக்கா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். வீடு இருந்தது.

பையின் பாரம் குறையத் தொடங்கியது அன்றைக்குத்தான். இப்போது ஆளுக்கு ஏழு கிலோ, அதற்கு மேல் இல்லை. இவர் மரக்கறி நிறுக்கிற தூக்குத் தராசில் கொழுவிப் பார்ப்போம். எத்தனை நாள் பயணமானாலும் மூன்று மாற்று உடுப்பு, இரவில் ஒன்றைத் தோய்த்துக் காயவிடலாம். இவருக்கு இரண்டு சாறம். சாறத்தைப் போல உதவுகிற துணி வேறு இல்லை. அது உடுக்க உதவும், துவாயாகும், பஸ்ஸில் போர்வையாகும், யன்னலில் கட்டினால் திரையாகும். எனக்கு இரண்டு சுடிதார், கோயிலுக்கு ஒரு நூல் சேலை. ஒரு ரோச், கொஞ்சம் நைலோன் கயிறு, உடுப்புக் கிளிப் நாலு, சின்னச் சவர்க்காரத் துண்டு. குளிர் உடுப்பு வாங்கி வைக்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வன்னி வெயிலில் இருந்து போகிற நமக்கு அங்கே இரவில் பல்லுக் கிட்டும். ஆனால் கம்பளி உடுப்பு விற்கிற கடைகள் அந்த நகரத்திலேயே வரிசையாக உண்டு. அங்கே வாங்கி, வந்தபின் தோய்த்து அக்காவின் மகனுக்குக் கொடுத்துவிட்டோம். சந்தோசமாகப் போட்டுக்கொண்டு திரிகிறான், மார்கழி விடியக்காலைகளில்.

ரயிலுக்கு இருக்கை 30 நாளுக்கு முன்னமே பதியலாம். மலைநாட்டு ரயிலில், அதுவும் விடுமுறைக் காலத்தில், பதிவு திறக்கிற அன்றைக்கே போய் நிற்க வேண்டும். கிளிநொச்சி ஸ்டேசனிலேயே கேட்டுப் பாருங்கள்.

மருந்தைப் பெரிய பையில் வைக்க வேண்டாம். எனக்குப் பிரஷர் குளிசை, இவருக்குச் சீனி வருத்தத்துக்கு. போகிற நாட்களுக்கும், மேலதிகமாக ஐந்து நாளுக்கும் எண்ணிக் கைப்பையில் வைப்போம், டொக்டரின் துண்டோடு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற் நாலு எப்போதும் இருக்கும். தமிழ்நாட்டு வெயிலில் இரண்டு தரம் காப்பாற்றியிருக்கிறது. உள்நாட்டில் ஏதும் அவசரம் என்றால் 1990க்கு அடியுங்கள். அது இலவச அம்புலன்ஸ், வடக்கிலும் ஓடுகிறது. திருகோணமலையில் இவருக்குச் சீனி இறங்கி மயங்கியபோது வந்த பிள்ளைகளை நான் மறக்கமாட்டேன்.

திருகோணமலைக்கு வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் போகிறவர்கள் இருட்டுக்கு முன் போய்ச் சேரப் பாருங்கள். யானை குறுக்கே வரும். ஹபரணைப் பக்கமும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளில் போகிற இளம் சோடிகளுக்கு இதைக் கையைப் பிடித்துச் சொல்வேன். இருட்டில் யானை தெரியாது, கிட்டப் போனபின்தான் தெரியும்.

தெற்கே போகும்போது பத்துச் சிங்களச் சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். "கீயத?" (எவ்வளவு?), "கொஹெத?" (எங்கே?), "போஹோம ஸ்தூதி" (மிக்க நன்றி) என்று நான் ஒரு கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். கதிர்காமத்துக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வயதான அம்மாவிடம் "அம்மே" என்று கூப்பிட்டு இடம் கேட்டேன். அவர் தன் மடியில் இருந்த பையை எடுத்து இடம் தந்து, கொண்டு வந்த மாங்காயில் பாதியும் தந்தார். எனக்கு அவர் மொழியில் நாலு சொல், அவருக்கு என் மொழியில் ஒரு சொல்லும் இல்லை. மூன்று மணித்தியாலம் கதைத்துக்கொண்டு போனோம்.

வெளிநாட்டுக்கு வருவோம்.

இங்கிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகிறவர்கள் பலரும் இரவு பஸ்ஸில் கொழும்புக்கே போய், விடிய இறங்கி, பிறகு 187 பஸ்ஸிலோ ஓட்டோவிலோ விமான நிலையத்துக்குத் திரும்பி வருகிறார்கள். உங்கள் பஸ் புத்தளம், சிலாபம் வழியாகப் போகிறதென்றால் அது நீர்கொழும்பையும் கட்டுநாயக்காவையும் தாண்டித்தான் கொழும்புக்குப் போகும். ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லி வைத்தால் வழியில் இறக்கிவிடுவார். பஸ் வழியில் பழுதாகி நின்றாலும் தாங்கும்படி நேரம் வையுங்கள். எங்களுக்கு ஒரு தரம் நடுச்சாமத்தில் அனுராதபுரத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. விமானம் அடுத்த நாள் இரவு என்பதால் தப்பினோம்.

தமிழ்நாட்டுக்கென்றால் இப்போது அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறந்து, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான். 2023இல் அப்படித்தான் போனோம். காலையில் உருத்திரபுரத்தில் புட்டுச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் சென்னையில் தேத்தண்ணி குடித்தோம். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, கொஞ்ச நாளில் நின்று, 2024 ஆவணியில் மறுபடி ஓடியது. கடல் குணத்தைப் பொறுத்த சேவை அது. வெளிக்கிடுவதற்கு முதல் நாள் ஓடுகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். என் அப்பா இளம் வயதில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் போன கதையை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடியதைப் பார்க்க அவர் இல்லை.

இந்திய விசா இணையத்திலேயே எடுக்கலாம். அரசாங்கத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் காசு வாங்குகிற தளங்கள் நிறைய.

அங்கே எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017இல் முதல் தரம் போனபோது ஒரு கோயில் நகரத்தில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கினோம். அறை எங்கும் கிடைக்கும் என்ற நினைப்பு. முதல் விடுதியில் கடவுச்சீட்டை நீட்டியதும், "ஸ்ரீலங்காவா? ரூம் இல்லைங்க," என்றார்கள். வெளியே பலகையில் அறை உண்டு என்று எழுதியிருந்தது. இரண்டாவதிலும் அதே பதில், மூன்றாவதிலும். பாசை ஒன்று, சாமி ஒன்று, அந்த ஊர்க் கோயில் பாட்டை நான் நாலு வயதில் பாடமாக்கியவள். தெருவில் பையோடு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டோக்காரத் தம்பி ஒருவர்தான் விடுதி விடுதியாக ஏறி இறங்கிக் கேட்டு, நாலாவதில் அறை எடுத்துத் தந்தார். கூடுதலாகக் கொடுத்த காசை வாங்கவில்லை. "எங்க ஊருக்கு வந்திருக்கீங்க, தூங்குங்கம்மா," என்றார்.

பிறகுதான் காரணம் விளங்கியது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவரைத் தங்கவைத்தால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் சி படிவம் என்ற ஒன்றை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சோலிக்குப் பயந்தே சின்ன விடுதிகள் பல நம்மைத் திருப்பிவிடுகின்றன. ஆகவே முன்கூட்டியே போன் எடுத்து, "வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அறை தருவீர்களா, சி படிவம் போடுவீர்களா" என்று கேட்டே பதியுங்கள். கடவுச்சீட்டு, விசாப் பிரதிகள் ஐந்தாறும், கடவுச்சீட்டு அளவுப் படங்களும் கையில் இருக்கட்டும். எந்தப் புது ஊருக்கும் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். எங்கள் பயணங்களில் கெட்டதாக முடிந்தவை எல்லாம் இரவில் இறங்கியவைதான்.

காசு விசயம். அங்கே இளநீர்க் கடை வரைக்கும் போனில் தட்டித்தான் கட்டுகிறார்கள். எங்களிடம் அந்த வசதி இருக்கவில்லை, சில்லறைத் தாள்கள் நிறைய வேண்டியிருந்தது. இலங்கை ரூபாயை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கேட்ட இடமெல்லாம் எங்களுக்குக் கை விரித்தார்கள். இங்கேயே வங்கியில் டொலராக எடுத்துக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை.

பெரும்பாலான கோயில்களில் மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். இதைத் தெரியாமல் நாளைப் பிரித்தால் வெயிலில் மதில் நிழல் தேடி இருக்க வேண்டி வரும். விடியப் போய்க் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் அறையில் நித்திரை கொண்டு, பின்னேரம் மறுபடி போங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 2018 முதல் போன் கொண்டுபோக விடுவதில்லை. போனை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போன நாங்கள் சனத்துக்குள் பிரிந்துவிட்டோம். எல்லாக் கோபுரமும் எனக்கு ஒரே மாதிரி இருந்தது. செருப்பு எந்த வாசலில் விட்டோம் என்றும் நினைவில்லை. ஒரு மணித்தியாலம் தேடினேன். சனத்துக்குள் ஆளைத் தொலைப்பது எனக்குச் சாதாரண விசயம் அல்ல, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் இவர் அசையாமல் இருந்ததைக் கண்டேன். "நீர் எப்படியும் தண்ணியைப் பார்க்க வருவீர் எண்டு தெரியும்," என்றார். இப்போது எந்தப் பெரிய இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு இடத்தைக் காட்டி, "தவறினால் இங்கே" என்று சொல்லிக்கொள்வோம். செருப்பு விட்ட வாசலின் திசையையும் வாய்விட்டுச் சொல்வோம். கிழக்கு, மேற்கு என்று.

சிங்கப்பூருக்கு நம் கடவுச்சீட்டில் குறுகிய காலம் போக விசா தேவையில்லை. ஆனால் திரும்புகிற சீட்டு, தங்குமிட முகவரி, செலவுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்கலாம். வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்கும் காசு கேட்கிற தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது புகையிலை. வெற்றிலையோடு போடுகிற புகையிலையை "பெரியம்மாவுக்கு" என்று யாராவது தந்தால் வாங்க வேண்டாம். மெல்லுகிற புகையிலை அங்கே தடை. சுவிங்கமும் மின்சிகரெட்டும் தடை. சிகரெட் ஒரு பெட்டிக்கும் வரி உண்டு. அதேபோல யார் பொதி தந்தாலும் நம் கண்முன்னே திறந்து கட்டச் சொல்லுங்கள், உறவென்றாலும். நாங்கள் பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொண்டு போனோம். போன் சார்ஜ் பண்ணுகிற பவர் பாங்க் பெரிய பையில் போட்டால் எடுத்துவிடுவார்கள், கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஆனால் ஒரு அட்டையில் ஒரு ஆள்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு அட்டை வைத்திருக்க வேண்டும், இது எங்களுக்கு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உணவங்காடியில் சாப்பிட்ட தட்டத்தை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொண்டு திரிந்தோம், அதிலேயே நல்ல காசு மிச்சம். இரவில் பெரிய பூங்காவில் மரம்போன்ற கோபுரங்களுக்கு ஒளி போடுவார்கள், 7.45க்கும் 8.45க்கும், பார்க்கக் காசில்லை. புல்லில் படுத்துக்கொண்டு பார்த்தோம். அடுத்த நாள் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனோம். அங்கே போய்க் குடியேறிய நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில் அது. அறிவிப்புப் பலகைகளில் தமிழ் எழுத்து இருப்பதை இவர் ஒவ்வொரு ஸ்டேசனிலும் நின்று வாசித்தார். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதுதான் எங்கள் இருவருக்கும் இடையே நடந்த ஒரே பெரிய இழுபறி. எனக்கு ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்க வேண்டும். இவருக்கு ஒரு இடத்தில் இருந்து ஆறுதலாகப் பார்க்க வேண்டும். பல வருடம் முரண்பட்டு, இப்போது ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். காலை என்னுடையது, பின்னேரம் இவருடையது. காசுக் கணக்கு என்னிடம், வழி கேட்பது இவரிடம். ஒருவர் களைத்துவிட்டேன் என்று சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. புதிதாகக் கலியாணம் கட்டிய பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற யோசனை, முதல் பயணத்தை மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்பதுதான். மூன்று நாளில் மற்றவரின் கால்வேகம் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வன்னியைப் பார்க்க வருகிற பலர் ஏ9 வீதியால் நேராக யாழ்ப்பாணம் போய்விட்டு, வழியில் கிளிநொச்சியில் போரில் உடைந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்ததோடு திரும்புகிறார்கள். ஒரு நாள் தங்குங்கள். பின்னேரம் இரணைமடு அணைக்கட்டில் நடந்து பாருங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டி வருகிற திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் பொங்கல். கடல் நீரில் விளக்கெரிகிற கோயில் அது, சனம் லட்சக்கணக்கில் வரும், முதல் நாளே வந்துவிட வேண்டும். மன்னாருக்குப் போனால் திருக்கேதீச்சரம், பள்ளிமுனைப் பெருக்கமரம், குளிர்மாதங்களில் வங்காலைப் பக்கத்துப் பூநாரைகள். மடுவுக்கு ஆவணித் திருவிழாவில் போவது ஒரு அனுபவம், ஆனால் மாதாவிடம் அமைதியாக ஏதும் சொல்ல வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். பாலைப்பழக் காலத்தில் வீதியோரத்தில் பிள்ளைகள் வைத்து விற்பார்கள், விலை பேசாமல் வாங்குங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்க வேண்டாம், படம் எடுக்கவென்றும் வேண்டாம். மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. அப்புறம், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த ஐந்தாவது நிமிடத்தில், "உங்கட ஆக்கள் எத்தனை பேர் செத்தவை?" என்று கேட்காதீர்கள். சொல்ல வேண்டுமென்று தோன்றினால் நாங்களே சொல்வோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்தக் கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. அக்கா போயிருக்கிறார். 1990இல் படகேறிப் போன அவரின் தங்கச்சி திருச்சியில் இருக்கிறா. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவவைப் பார்க்க, அறுபத்தொரு வயதில், அக்காவின் முதல் விமானப் பயணம். விசாப் படிவம் நான் நிரப்பினேன். பையை இவர் தராசில் கொழுவினார், பதினொரு கிலோ. தங்கச்சிக்கென்று வைத்த பனங்கட்டியை எடுக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, உடுப்பில் இரண்டைக் குறைத்தோம். விடியக் காலமை ஓட்டோ வந்து நின்றபிறகும் அக்கா வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி வந்து திறப்பை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். கோழிக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னம் தீன் போட வேண்டும், சிவப்புப் பேடு அடையில் இருக்கிறது, அதைக் குழப்பக் கூடாது என்று மூன்று தரம் சொன்னார். இப்போது நாலேமுக்கால். போட்டுவிட்டு வருகிறேன்.